விரல் இடுக்கில் வலிக்காத புண்

அம்மா, கணவருக்குப் புற்றுநோய் வந்துவிடுமோ என்ற அச்சம்தான் உங்கள் கடிதம் முழுவதும் இருக்கிறது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் குரோம் கழிவுநீரில் காஸ்டிக் சோடா என்ற கடுங்காரத்தைக் கலக்கும் அவருடைய சட்டையில் படிகிற பச்சைக் கறை உங்களை உறங்கவிடவில்லை. அந்தப் பச்சை, தோல் பதனிட உதவும் மூவிணைதிறக் குரோமியம், அதாவது குரோமியத்தின் தீங்கு குறைந்த வடிவம். காஸ்டிக்கைச் சிறிது சேர்த்தால் அது சாம்பல் கலந்த பச்சைக் கூழாகப் படியும். அளவு மிஞ்சினால் அதே கூழ் கரைந்து மறுபடியும் பச்சை நீராகும். உருவம் எத்தனை மாறினாலும் அது உடலின் செல்களுக்குள் எளிதில் நுழையாது. அவருக்கு முடி கொட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் இந்தப் பச்சைக்கும் தொடர்பில்லை.

நாற்றம் போகத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் தூவுவதாகவும், அன்றெல்லாம் நீர் மஞ்சளாவதாகவும் எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அதுதான். காரநீரில் கரைந்த பச்சைக் குரோமியத்தைப் பிளீச்சிங் பவுடரோ ஹைட்ரஜன் பெராக்சைடோ மஞ்சள் குரோமேட்டாக மாற்றிவிடும். தோலையும் மூக்கின் நடுச்சுவரையும் அரிப்பது இந்தக் குரோமேட்டில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம். இதன் தூசியையும் சாரலையும் பல ஆண்டுகள் சுவாசித்தவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது.

கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன விரல் இடுக்குப் புண்ணுக்கு வருகிறேன். மிளகளவு வட்டம், குத்தி எடுத்தாற்போல் குழி, தடித்த ஓரம், வலி இல்லை. கூடவே மூக்கில் பொருக்கும் இரத்தக் கசிவும். இவை குரோமேட் அரிப்பதால் வரும் குரோம் புண்ணின் அடையாளங்கள். வலிக்கவில்லை என்பதாலேயே குரோம் புண்ணைப் பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், அதற்குள் மூக்கின் சுவரில் ஓட்டையே விழுந்துவிடுகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை இன்றே நிறுத்துங்கள். அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். காஸ்டிக் தெறித்தால் எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்லும் காணொளியை நம்பி இன்னும் எத்தனை பேர் தோலைக் கெடுத்துக்கொள்ளப் போகிறார்களோ! குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

இந்த வாரமே வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் அவர் பார்க்கட்டும். தாம் செய்யும் வேலையை மறைக்காமல் சொல்லட்டும். குரோம் புண், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்த தொழில்நோய். அதை அரசுக்குத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. கையுறையின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே மஞ்சள் கறை இருந்தால், அந்தக் கையுறையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோகட்டும்.