எந்த நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கறது? சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கேள்வி பதில்

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். புதுசா ஆரம்பிக்கறவங்க, விட்டுப்போய் திரும்பி வர்றவங்க, பிள்ளைங்களுக்காக கேக்கறவங்கன்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, நன்றி.

கேள்வி: மார்வெல் படம் ஒண்ணு விடாம பாத்தாச்சுண்ணே. இப்ப காமிக்ஸ் படிக்கலாம்னு தகாஷிமாயால இருக்கற கினோகுனியா புத்தகக் கடைக்குப் போனா ஸ்பைடர்மேன் மட்டுமே வரிசையா நிக்குது, அதுல 'வால்யூம் ஒன்'னு போட்டதே நாலஞ்சு இருக்கு. எதைத் தொடறதுன்னே தெரியாம வந்துட்டேன். எந்த நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கறது? (ஈசூன் வாசகர்)

நம்பரை மறந்துடுங்க தம்பி. ஸ்பைடர்மேன் முதல்ல வந்தது 1962 ஆகஸ்ட்ல, அமேசிங் ஃபேண்டஸி 15ஆவது இதழ்ல, ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பண்ணது. அங்கேர்ந்து இன்னிக்கு வரைக்கும் வரிசையா படிச்சுட்டு வரணும்னா அதுக்கே ஒரு ஆயுசு வேணும், அப்படி யாரும் படிக்கறதும் இல்ல. புது எழுத்தாளர் வந்தா பல நேரம் நம்பரை மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சுடுவாங்க, அதான் உங்களுக்கு நாலஞ்சு வால்யூம் ஒன் கண்ணுல பட்டிருக்கு. அட்டைல பெருசா இருக்கற ஹீரோ பேரைப் பாக்காதீங்க, சின்ன எழுத்துல ரெண்டு பேர் இருக்கும் பாருங்க, எழுதினவர் ஒருத்தர், வரைஞ்சவர் ஒருத்தர், அதைப் பாருங்க. படத்துக்குப் போறப்ப டைரக்டர் யாருன்னு கேக்கறோம்ல, அதே கேள்விதான் இங்கயும். ஒரே ஜோடி ஆரம்பிச்சு அவங்களே முடிச்ச கதையா எடுத்தா முன்கதை ஒண்ணும் தெரியாமலே படிக்கலாம்.

படத்துலேர்ந்து வர்றவருக்கு நான் முதல்ல குடுக்கறது மேட் ஃப்ராக்‌ஷன் எழுதி டேவிட் ஆஹா வரைஞ்ச ஹாக்ஐ, 2012ல ஆரம்பிச்சது. அவெஞ்சர்ஸ் வேலை இல்லாத நாள்ல அந்த அம்பு விடற ஆள் தன்னோட அபார்ட்மெண்ட்ல என்ன பண்றான்ங்கறதுதான் கதை, அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களை வாடகை ரவுடிங்க மிரட்டறாங்க, இவன் நடுவுல போய் அடி வாங்கறான். அதுல 11ஆவது இதழ் முழுக்க அவன் வளக்கற நாயோட பார்வைல போகும், மனுஷங்க பேசறது நாய்க்கு ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் புரியும், பேச்சு பலூன்ல மீதி எல்லாம் கிறுக்கலா இருக்கும், யாரு என்ன வாசனைங்கறதை சின்னச் சின்னப் படமா சுத்தி போட்டிருப்பாங்க, அதை வச்சே நாய் ஒரு கொலையைத் துப்பறியும். சினிமால இதைப் பண்ண முடியாது, காகிதத்துலதான் முடியும், அதனாலதான் படம் பாத்து வர்றவங்க கைல இதைக் குடுக்கறேன்.

அவெஞ்சர்ஸ் படத்து வில்லன் தானோஸ் கதையே வேணும்னா தி இன்ஃபினிட்டி காண்ட்லெட், 1991, ஜிம் ஸ்டார்லின் எழுதினது, மொத்தம் 6 இதழ். படத்துல ஜனத்தொகை, வளம்னு பேசுவான், புத்தகத்துல அவன் மரணத்தையே ஒரு பொண்ணா நெனச்சு காதலிக்கறான், அவளுக்குக் காட்டறதுக்காக பாதி உயிரை அழிக்கறான். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் வீட்டுக் கூரையை உடைச்சுக்கிட்டு விழறது படத்துல ஹல்க், புத்தகத்துல சில்வர் சர்ஃபர். கதைய முன்னால நின்னு நடத்தறது ஆடம் வார்லாக்னு ஒருத்தர். படம் பாத்துட்டோமேன்னு விட்டுடாதீங்க, இது வேற கதை.

கேள்வி: அண்ணே, எனக்கு வயசு அம்பது தாண்டிடுச்சு. சின்ன வயசுல மதுரைல இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சின்னு கிடந்தவன். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து எல்லாம் விட்டுப்போச்சு. இப்ப மறுபடி படிக்கணும்னு ஆசை, ஆனா பேட்மேன் சூப்பர்மேன் எல்லாம் எனக்கு அந்நியமா இருக்கு. எனக்கு இனிமே செட் ஆகுமா? (பிடோக் வாசகர்)

கண்டிப்பா ஆகும்ணே. நீங்க படிச்சதே சூப்பர்ஹீரோ காமிக்ஸ்தான், அமெரிக்காவுக்குப் பதிலா இங்கிலாந்துலேர்ந்து சிவகாசி வழியா உங்க கைக்கு வந்துது, அவ்வளவுதான். மாயாவி 1962ல வேலியண்ட்னு ஒரு பிரிட்டிஷ் வார இதழ்ல வந்தவர், ஆய்வுக்கூட உதவியாளர், கை போயி இரும்புக்கை மாட்டினவர், மின்சாரம் பாஞ்சா உடம்பு மறைஞ்சு அந்தக் கை மட்டும் அந்தரத்துல தெரியும். அதை வரைஞ்ச ஹெசூஸ் ப்ளாஸ்கோ ஸ்பெயின்காரர், அவரோட கறுப்பு மையும் நிழலும் இன்னிக்கு எடுத்துப் பாத்தாலும் அசத்தும். 1972ல தமிழ்ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே மாயாவிய வச்சுத்தான்.

இன்னொரு விஷயம் சொல்றேன், சந்தோஷப்படுவீங்க. நம்ம ஸ்பைடர், ஸ்பைடர்மேன் இல்ல, வலைத் துப்பாக்கியும் ஹெலிகாரும் வச்சுக்கிட்டு குற்றவாளிகளோட சக்கரவர்த்தி ஆகணும்னு கிளம்பின அந்தக் கூர்காது ஆசாமி, அவரோட கதைகள்ல பெரும்பகுதிய எழுதினது யார் தெரியுமா, ஜெர்ரி சீகல். 1938ல ஜோ ஷஸ்டரோட சேந்து சூப்பர்மேனை உருவாக்கின அதே சீகல். முதல் கதைக்கு 130 டாலர் வாங்கிக்கிட்டு சூப்பர்மேன் உரிமையையே குடுத்துட்டாங்க ரெண்டு பேரும், அப்புறம் வருஷக்கணக்கா வழக்கு. அந்த மனுஷன் 1960கள்ல பிரிட்டன்ல லயன் இதழுக்காக எழுதினதுதான் பிற்பாடு தமிழ்ல நம்ம லயன் காமிக்ஸ்ல வந்து நீங்க மதுரைல படிச்சது. அதனால சூப்பர்மேன் உங்களுக்கு அந்நியம்னு நெனக்காதீங்க, அவரைப் படைச்சவரோட எழுத்தை பத்து வயசுலயே படிச்சிருக்கீங்க.

இப்ப என்ன படிக்கலாம்னா, ரெபெல்லியன்னு ஒரு பிரிட்டிஷ் பதிப்பகம் அந்தப் பழைய கதைங்களோட உரிமைய வாங்கி மாயாவி, ஸ்பைடர் ரெண்டையும் நல்ல அச்சுல இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க, அதுலேர்ந்து தொடங்குங்க. நமக்கு பழகின முகம் பக்கத்துக்குப் பக்கம் வரும், இங்கிலீஷும் சுலபம். ஆல்பியன்னு 2005ல வந்த 6 இதழ் கதை ஒண்ணும் இருக்கு, ஆலன் மூர் கதை அமைப்பு, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினது. பிரிட்டிஷ் அரசாங்கம் மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி எல்லாரையும் பிடிச்சு அடைச்சு வச்சுட்டாங்கங்கறதுதான் கதை, எங்கயாவது கண்ணுல பட்டா விட்டுடாதீங்க.

அதுக்கப்புறம் அமெரிக்கா பக்கம் வாங்க. உங்களுக்கு நான் தேர்ந்தெடுக்கறது பேட்மேன்: இயர் ஒன், ஃப்ராங்க் மில்லர் எழுதி டேவிட் மாஸ்ஸுகெல்லி வரைஞ்சது, 1987, நாலே இதழ், ஒரே ராத்திரில முடிச்சுடலாம். லஞ்சத்துல ஊறின ஒரு ஊருக்கு ஜிம் கார்டன்னு ஒரு போலீஸ்காரர் மாத்தலாகி வர்றார், அதே நாள்ல ப்ரூஸ் வெய்னும் ஊர் திரும்பறான். ரெண்டு பேரோட மனசுல ஓடறதை ரெண்டு வேற வேற கையெழுத்துல எழுதியிருப்பாங்க, யாரு பேசறாங்கன்னு எழுத்தைப் பாத்தே தெரியும். பறக்கறது, வேற்று கிரகம் எதுவும் கிடையாது, முழுக்க போலீஸ் கதை, இன்னும் சொல்லப்போனா பேட்மேனை விட கார்டனோட கதைதான் அது. உங்க வயசுக்காரங்களுக்கு அந்த கார்டனை ரொம்பப் பிடிக்கும்னு நம்பி சொல்றேன்.

கேள்வி: என் மக பிரைமரி ஃபோர். கதைப் புத்தகம் குடுத்தா மூடி வச்சுடறா, காமிக்ஸ்னா சாப்பாட்டைக் கூட மறந்துடறா. படிப்பு கெட்டுடுமோன்னு என் வீட்டுக்காரர் பயப்படறார், எனக்கு அடிதடி ரத்தம்னு இருக்குமோன்னு பயம். (பொங்கோல் வாசகி)

படிப்பு கெடாதுங்க. படத்தையும் எழுத்தையும் சேத்து அர்த்தம் பண்ணிக்கறதும் படிப்புதான், ஒரு புத்தகத்தை தானா கேட்டு வாங்கி முடிக்கற பிள்ளைய தயவுசெஞ்சு தடுக்காதீங்க. ஆனா உங்க பயம் நியாயமானது. பேட்மேன் படம் போட்ட அட்டையா இருந்தாலே பிள்ளைங்களுக்குன்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க, 1988ல வந்த தி கில்லிங் ஜோக் பெரியவங்களுக்கே கலங்கும். இன்வின்சிபிள்னு ஒரு காமிக்ஸ், அட்டை பளிச்சுன்னு கலர் கலரா இருக்கும், உள்ள ரத்தம் தெறிக்கும். அதனால நூலகத்துல சிறுவர் பகுதி அலமாரிலேர்ந்தே எடுங்க, பின்னட்டைல வயசுக் குறிப்பு இருந்தா பாத்துக்குங்க.

அவளுக்கு மூன் கேர்ள் அண்ட் டெவில் டைனோசர், 2015ல ஆரம்பிச்சது. லுனெல்லான்னு ஒம்பது வயசு நியூயார்க் பொண்ணு, வகுப்புல யாரோடவும் ஒட்ட மாட்டா, தானே கருவி செய்வா, கூட ஒரு பெரிய செவப்பு டைனோசர். அடுத்தது சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி க்ளான், ஜீன் லுவென் யாங் எழுதினது, வரைஞ்சது குரிஹிருன்னு ஜப்பான் ரெண்டு பேர் ஜோடி. 1946ல அமெரிக்க ரேடியோல வந்த சூப்பர்மேன் தொடரை வச்சு எழுதினது, சைனாடவுன்லேர்ந்து புது வீட்டுக்குக் குடிவர்ற ஒரு சீனக் குடும்பம், அவங்களை விரட்டப் பாக்கற இனவெறியர் கூட்டம். இதை மட்டும் நீங்களும் பக்கத்துல உக்காந்து படிங்க, அவ கேள்வி கேப்பா, பதில் சொல்ல பெரியவங்க ஒருத்தர் வேணும். ரொபெர்ட்டாங்கற அந்த வீட்டுப் பொண்ணு கூச்ச சுபாவம், ஆனா மத்தவங்க கவனிக்காததை எல்லாம் கவனிப்பா, உங்க மகளுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

கொஞ்சம் வளந்ததும் மிஸ் மார்வெல், ஜி. வில்லோ வில்சனும் ஏட்ரியன் அல்ஃபோனாவும் 2014ல ஆரம்பிச்சது. கமலா கான், ஜெர்சி சிட்டில இருக்கற பாகிஸ்தானிய வீட்டுப் பொண்ணு, ராத்திரி பார்ட்டிக்குப் போகக்கூடாதுன்னு அப்பா சொல்வார், இவ ஜன்னல் வழியா போவா. நம்ம வீட்டுப் பிள்ளைங்க அந்த சாப்பாட்டு மேசைச் சண்டைய உடனே அடையாளம் கண்டுப்பாங்க. முதல் தொகுப்பு 2015ல அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கிச்சு.

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கறப்ப டிசி (பேட்மேன், சூப்பர்மேன் போடற கம்பெனி) காமிக்ஸ் படிச்சேன். 2011ல நியூ 52ன்னு 52 தலைப்பையும் ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஆரம்பிச்சாங்க, அப்பவே குழம்பி விட்டுட்டேன். இப்ப திரும்பினா எங்க நுழையறது? (செங்காங் வாசகர்)

நடுவுல விட்டதைப் பிடிக்கணும்னு முயற்சி பண்ணாதீங்க, அதுலதான் பாதி பேர் களைச்சுப் போய் மறுபடி விட்டுடறாங்க. 2024 அக்டோபர்ல ஸ்காட் ஸ்னைடரும் நிக் ட்ரகோட்டாவும் ஆரம்பிச்ச அப்சல்யூட் பேட்மேன் எடுங்க. இதுல ப்ரூஸ் வெய்ன் பணக்காரன் இல்ல, மாளிகை இல்ல, அம்மா உயிரோட இருக்காங்க. மார்வெல் பக்கம் 2024 ஜனவரில ஜோனதன் ஹிக்மேனும் மார்க்கோ கெக்கெட்டோவும் ஆரம்பிச்ச அல்டிமேட் ஸ்பைடர்மேன், பீட்டர் பார்க்கர் கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை பெத்தப்புறம்தான் சக்தியே வருது. வேலை, குடும்பம்னு ஆன பிறகு திரும்பி வர்ற உங்களுக்கு ரொம்பப் பொருந்தும்.

கேள்வி: வாட்ச்மென் படிச்சுட்டு மத்ததைப் படின்னு நண்பர் சொல்றார், சரியா? (தோ பாயோ வாசகர்)

வேணாம். ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸ், 1986லேர்ந்து 12 இதழ், அருமையான படைப்புதான். ஆனா அது சூப்பர்ஹீரோக்களை நம்பினவங்களைப் பாத்து கேள்வி கேக்கற கதை, முதல்ல நீங்க நம்பணும். அதுக்கு ஆல்-ஸ்டார் சூப்பர்மேன், க்ராண்ட் மாரிசன், ஃப்ராங்க் க்வைட்லி, 12 இதழ். முதல் பக்கத்துல நாலு படம், எட்டு வார்த்தை, சூப்பர்மேன் பூமிக்கு வந்த கதை மொத்தமும் முடிஞ்சுடும். பத்தாவது இதழ்ல கட்டட விளிம்புல நின்னு அழற ஒரு பொண்ணுகிட்ட அவர் வந்து நிக்கற பக்கம் ஒண்ணு வரும், அதுல யாரையும் அடிக்கல, எதையும் தூக்கல. அதைப் படிச்சு முடிச்சுட்டு வாட்ச்மென் எடுங்க.

கேள்வி: எல்லாம் சரி, வாங்கிக் கட்டுப்படியாகுமா? (சுவா சூ காங் வாசகர்)

முதல்ல வாங்காதீங்க, இரவல் எடுங்க. நம்ம நூலகங்கள்ல கிராஃபிக் நாவல் நல்லாவே வச்சிருக்காங்க, தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் எதுக்கும் போகலாம், இல்லாததை முன்பதிவு பண்ணிக்கலாம். லிபிங்கற நூலக ஆப்ல மின்னூலாவும் கிடைக்குது, ஆனா போன்ல படிக்காதீங்க, ரெண்டு பக்கம் சேத்து விரிச்சு வரைஞ்ச படம் எல்லாம் துண்டாயிடும், டேப்லட் இருந்தா பரவாயில்ல. பிடிச்சதை மட்டும் வாங்குங்க. மாசாமாசம் வர்ற மெல்லிசு இதழ்ல இருபது சொச்சம் பக்கம்தான் கதை, அஞ்சாறு இதழைச் சேத்துப் போடற ட்ரேட் பேப்பர்பேக்தான் கணக்குக்கு நல்லது. டிசி 2024லேர்ந்து காம்பேக்ட்னு சின்ன அளவுல முழுக் கதைங்களை அமெரிக்க விலை 9.99 டாலருக்குப் போடறாங்க, ஆல்-ஸ்டார் சூப்பர்மேனும் அதுல இருக்கு. எழுத்து பொடிசா இருக்கும், கண்ணாடி போடறவங்க கடைலயே புரட்டிப் பாத்துட்டு எடுங்க. ப்ராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல பழைய புத்தகக் கடைகளையும் ஒரு சுத்து பாருங்க. ஆம்னிபஸ்ங்கற தலகாணி புத்தகம் இப்போதைக்கு வேணாம், படுத்துக்கிட்டு படிக்க முடியாது.

கேள்வி: நம்ம சிங்கப்பூர்ல சூப்பர்ஹீரோவே கிடையாதா அண்ணே? (அங் மோ கியோ, உயர்நிலை மாணவர்)

இருக்கார் தம்பி. சானி லியூவோட தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய், 2015ல வந்தது, 2017ல காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது மூணு வாங்கிச்சு. சார்லி சான்ங்கறது கற்பனை ஓவியர், அவர் வாழ்க்கை முழுக்க வரைஞ்ச காமிக்ஸ் வழியா நம்ம ஊர் வரலாறு போகும். அதுல ரோச்மேன்னு ஒருத்தர் வர்றார், அந்தக் காலத்துல வீடு வீடா மலவாளி எடுத்த தொழிலாளி, கரப்பான்பூச்சி கடிச்சு சக்தி வந்துடும். அது ஒரு பகுதிதான், புத்தகத்துல அரசியல் நிறைய, உனக்குப் புரியாத இடத்துல தாத்தா பாட்டிகிட்ட கேளு, அவங்க பாத்த காலம் அது.

சானி லியூ வரைஞ்சு ஜீன் லுவென் யாங் எழுதின தி ஷேடோ ஹீரோவும் எடு, 2014ல வந்தது, இது உன் வயசுக்கு இன்னும் பொருத்தம். 1944ல சூ ஹிங்னு ஒரு சீன அமெரிக்க ஓவியர் க்ரீன் டர்ட்டில்னு ஒரு ஹீரோவை வரைஞ்சார், அவனை சீனனா காட்ட பதிப்பாளர் விடலன்னும், அதனாலதான் அவன் முகமே தெரியாத மாதிரி முதுகைக் காட்டியே வரைஞ்சார்னும் சொல்வாங்க. அந்த ஹீரோ எப்படி உருவானான்னு இவங்க ரெண்டு பேரும் புதுசா ஒரு கதை பண்ணியிருக்காங்க. 1944 இதழ்லேர்ந்து ஒரு பழைய கதையையும் புத்தகத்தோட கடைசில அப்படியே சேத்திருக்காங்க, அதை முதல்ல படி, அவன் முகம் எத்தனை கட்டத்துல மறைஞ்சிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் முன்னாடி வா.