அலிபி நிற்காவிட்டால் வழிப்பறித் தண்டனை உறுதிதானா?

கேள்வி: 2022இல் எங்கள் ஊரருகே இரவு 2 மணிக்கு, முகத்தை மூடிய இருவர் கத்தியைக் காட்டி ஒரு பெண்மணியின் தங்கச் சங்கிலியைப் பறித்தனர். நான்கு மாதம் கழித்து, என் தம்பி காட்டிய அடகுக்கடையில் அது கிடைத்ததாகப் போலீசார் கூறினர்; கடைக்காரர் அவனை அடையாளம் காட்டவில்லை. அன்றிரவு அவன் திருப்பூரில் நைட் ஷிஃப்டில் இருந்தான். அதை ஏற்காத அமர்வு நீதிமன்றம் 7 ஆண்டு சிறை விதித்துவிட்டது. மேல்முறையீட்டில் வழியுண்டா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: வழி உண்டு, சகோதரி. ஆனால் அலிபியை, அதாவது சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தார் என்ற வாதத்தை மட்டும் நம்பி உயர் நீதிமன்றம் செல்ல வேண்டாம். சம்பவ இடத்தில் இருந்திருக்கவே முடியாது என்று காட்டினால்தான் அந்த வாதம் நிற்கும் என்று 1996இல் பினய் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீங்கள் அனுப்பிய வருகைப் பதிவேட்டு நகலில் இரவு 8 மணிக்கு உள்ளே வந்த கையெழுத்து மட்டுமே இருக்கிறது, வெளியேறும் நேரத்துக்கான கட்டம் வெறுமையாக உள்ளது. ஆறு மணி நேரத்தில் திருப்பூரிலிருந்து உங்கள் ஊருக்கு வந்துவிடலாம் என்பதால், அன்று உடன் வேலை செய்தவரோ மேற்பார்வையாளரோ சாட்சி சொல்லாதது பெரிய குறைதான்.

எனினும், அலிபி தோற்றதாலேயே அரசுத் தரப்பு வென்றதாகிவிடாது. சூழ்நிலைச் சாட்சியத்தின் (நேரடிச் சாட்சி இல்லாதபோது குற்றத்தைச் சுட்டும் சூழ்நிலைகளின்) ஒவ்வொரு கண்ணியையும் அரசுத் தரப்பே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டின் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு வகுத்த நெறி. உங்கள் தம்பி வழக்கிலோ இருப்பது ஒரே கண்ணி. சம்பவம் நடந்த 2022இல் அமலில் இருந்த சாட்சியச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, சங்கிலி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு மேல் அந்தக் கைப்பற்றுதல் எதையும் நிரூபிக்காது. திருட்டுப் பொருள் களவுபோன சிறிது காலத்திலேயே ஒருவரிடம் இருந்தால் அவரையே திருடராக அனுமானிக்க அதே சட்டத்தின் 114ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் நான்கு மாதத்தில் நகை பல கை மாறியிருக்கலாம், அடகு வைத்தவர் இவர்தான் என்று கடைக்காரரும் சொல்லவில்லை. வாதத்தின் உயிர்நாடி இதுவே.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அப்போது அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 397ஆம் பிரிவின் குறைந்தபட்ச 7 ஆண்டுத் தண்டனை, ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு மட்டுமே பொருந்தும். முகம் மூடிய இருவரில் கத்தி யார் கையில் இருந்தது என்பதற்குச் சாட்சியமே இல்லாதபோது, அந்தப் பிரிவின் கீழான தண்டனை நிலைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தீர்ப்பின் நகல் பெற ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. தண்டனை நிறுத்திவைப்பு மனுவையும் உடன் தாக்கல் செய்யுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கும்போது கடைக்காரரின் குறுக்கு விசாரணைப் பக்கங்களையும் கைப்பற்றுதல் மகஜரையும் (நகையைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவு) மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.