ஒட்டிப்போன மாயாவி புத்தகம்: பக்கங்களைப் பிரிக்கலாமா?

பிரிக்கலாம், ஆனால் காய்ந்த நிலையில் இழுக்காதீர்கள். அப்பா வைத்துவிட்டுப் போன பழைய முத்து காமிக்ஸ் படக்கதை, இரும்புக்கை மாயாவி, கார்த்திகை மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டிப்போயின என்கிறீர்கள். அந்த மலிவுத் தாள் பெரும்பாலும் பிரிந்து வரும்.

மற்றப் புத்தகங்களின் பாரத்தோடு, மூடியபடியே காய்ந்ததுதான் ஒட்டியதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு மூலையில் மட்டும் மழுங்கிய கத்தியை மெல்ல நுழைத்துப் பாருங்கள். நார் கிளம்பினால் நிறுத்திவிட்டு, ஈரப்பெட்டி ஒன்று செய்யுங்கள்: மூடி போட்ட பெட்டிக்குள் அடியில் ஈரத்துணி, அதன்மேல் கம்பித்தட்டு, தட்டில் புத்தகம். தண்ணீர் தாளில் படக்கூடாது. சில மணி நேரத்தில் தாள் இளகும். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, நடுவே வெள்ளைத்தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயில் வேண்டாம், தாள் மஞ்சளாகி நொறுங்கும்.

அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது என் பையில் இருந்ததும் ஒரு மாயாவிதான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து உருக்குக் கை மட்டும் தெரியும் அந்தக் கட்டத்தை, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், குப்பி விளக்கு வெளிச்சத்தில் எத்தனை தரம் பார்த்திருப்பேன்! பயம் கொஞ்சம் அடங்கும். இப்போதும் அந்தப் பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கறை இருக்கிறது.

ஒன்று கவனம்: புதிய வண்ண இதழ்களின் வழவழப்புத் தாளுக்கு இந்த வழி சரிவராது, மை பெயர்ந்துவிடும். பூஞ்சணம் தெரிந்தாலும் ஈரப்பெட்டியில் வைக்காதீர்கள். பொலித்தீன் பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள், பரவுவது நிற்கும்.