எழுபது வயதுக் காப்பீடு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எழுபது வயதான எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்ற மத்திய அரசின் முடிவை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தெருவில் இரண்டு மாடி வீடும் நல்ல வாடகை வருமானமும் உள்ள பெரியவர் இதற்குத் தகுதியானவர். எதிர்வீட்டுத் தையல்காரருக்கு 58 வயது. மாதம் பன்னிரண்டாயிரம் வருகிறது என்பதால் முதலமைச்சர் காப்பீட்டிலும் இடமில்லை. அமெரிக்காவில்கூட வருமானத்தைப் பார்த்துத்தானே மானியம் தருகிறார்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அமெரிக்காவிலிருந்தே தொடங்கலாம், அது உங்கள் பக்கம் பேசும் உதாரணம். ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரில், பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் வருமானத்தைப் பொறுத்தது. 2017-இல் குடியரசுக் கட்சியினர் அதை வயதுக்கு மாற்றப் பார்த்தார்கள். முப்பதுக்குக் கீழே ஆண்டுக்கு 2,000 டாலர், அறுபதுக்கு மேலே 4,000. மானியம் இரண்டு மடங்குதான் ஏறுகிறது. ஆனால் முதியவரிடம் இளைஞரைவிட ஐந்து மடங்கு பிரீமியம் வாங்க அதே மசோதா இடம் கொடுத்தது; ஒபாமாகேரில் அது மூன்று மடங்கு. ஆண்டுக்கு 26,500 டாலர் சம்பாதிக்கும் 64 வயதுக்காரர் கைப்பணமாகக் கட்டும் பிரீமியம் 1,700 டாலரிலிருந்து 14,600 டாலராகும் என்று, மசோதாவின் முதல் வடிவத்தை வைத்து அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டது. பாதிச் சம்பளத்துக்கும் மேல்! கீழவையில் நிறைவேறிய அந்த முயற்சி செனட்டில் தோற்றது. தோற்றது நல்லதுதான்.

ஆனால் அங்கே வயது வந்தது வருமானத்தைத் தூக்கிவிட்டு. இங்கே 2024 அக்டோபரில் வந்தது கூடுதலாக. மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஏழைக் குடும்பத்தின் 5 லட்சம் அப்படியே இருக்கிறது, அந்த வீட்டுப் பெரியவருக்குத் தனியாக இன்னொரு 5 லட்சம். அவர் பிரீமியமும் கட்ட வேண்டாம். நஷ்டம் என்றால் கஜானாவுக்குத்தான். அதுவும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இராது என்பது என் கணிப்பு. இந்தத் திட்டத்தில் கிடைப்பது பொது வார்டு. தனி அறையும் ஏ.சி.யும் கேட்கிற இரண்டு மாடிக்காரர் பெரும்பாலும் தானாகவே ஒதுங்கிக்கொள்வார்.

வருமானத்தைப் பாருங்கள் என்கிறீர்கள். சரி, எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கோடு ஒப்பிட்டு, அதிகம் வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். இங்கே வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவர்கள்தான் பெரும்பான்மை. 2018-இல் ஆயுஷ்மான் பாரத் தொடங்கியபோது பயனாளிகளை எடுத்தது 2011-ஆம் ஆண்டு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து. அந்தக் கணக்கெடுப்பில் கிராமத்து வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தாலோ, பைக் இருந்தாலோ பெயர் கழிந்துவிடும். தமிழ்நாட்டில் வருமானச் சான்றிதழ். கூலிக்காரரிடம் சம்பளச் சீட்டு ஏது? கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதுவதுதான் வருமானம். அலையத் தெரிந்தவருக்குக் கிடைக்கும். எழுபது வயதில் நடக்க முடியாதவரை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வயதுக்கு ஆதார் போதும்.

உங்கள் தையல்காரர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. முதலமைச்சர் திட்டத்தின் வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் பத்தாயிரம். 9,900 வந்தால் முழுக் காப்பீடு, 10,100 வந்தால் ஒன்றுமே இல்லை. கோட்டுக்கு மேலே இருப்பவர் ஒரு பங்கு பிரீமியம் கட்டிச் சேர வழி இருக்க வேண்டும், வருமானம் கூடக் கூட அவர் பங்கும் கூடலாம். வருமானத்தைப் பார்ப்பதென்றால் அப்படிப் பார்க்க வேண்டும். அமெரிக்கர்களுக்கும் இதே தலைவலி உண்டு. வறுமைக் கோட்டைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் மானியம் மொத்தமாக நின்றுவிடும் என்ற விதியை 2021-இல் தளர்த்தினார்கள். 2026-இல் அது திரும்ப வந்துவிட்டது.

எழுபது என்ற எல்லையும் எனக்கு ஒப்பில்லை. உடலால் உழைத்தவர்கள் அறுபதிலேயே ஓய்ந்துவிடுகிறார்கள். வயது திட்டத்தை முதலில் அறுபதுக்கு இறக்கட்டும், பிறகு பணக்காரரை வடிகட்டலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இந்தக் காப்பீட்டு அட்டை எழுபது வயதானவருக்கு மட்டும்தான். 72 வயதுக் கணவருக்கு உண்டு, 66 வயது மனைவிக்கு இல்லை. உங்கள் தெருப் பெரியவர் வீட்டில் அது பெரிய பிரச்சினையாக இருக்காது. ஆனால் இரண்டு பேரும் ஒரே பென்ஷனில் வாழும் வீடுகளில் இருக்கும்.