பையன் ஐஸ்லாந்துக்கு விவசாயம் படிக்கப் போகிறேன் என்கிறானா?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. வேளாண்மை முடித்த மகன் ஐஸ்லாந்து போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறான், பனிக்காட்டில் எதை விளைவிப்பான் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான்.

அங்கே முதல் பயிர் புல். கோடையிலேயே சராசரி வெப்பம் 10, 12 டிகிரிதான். அந்தச் சில மாதங்களில் புல்லை அறுத்து உருட்டிக் கட்டி, பிளாஸ்டிக் சுற்றி அடுக்கிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் நிற்கும் ஆடுகளுக்கு அதுதான் தீனி. கோடையில் மலைமேட்டில் விட்ட ஆடுகளை செப்டம்பரில் ஊரே சேர்ந்து ஓட்டிவரும். பெரிய வட்டப் பட்டி, அதற்குள் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி தடுப்புகள். காது அடையாளத்தைப் பார்த்து, கொம்பைப் பிடித்து இழுத்து, அவரவர் அறைக்குள் தள்ளுவார்கள். பெரும்பாலும் குடும்பமே பார்க்கிற பண்ணைகள் இவை. இங்கே நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்பி அனுப்ப வேண்டாம்.

தம்பி கவனிக்க வேண்டியது வேறு. ஒன்று, பசுமைக்குடில். குவெராகெர்தி என்ற ஊர் இதற்குப் பேர்போனது. பூமிக்கடியிலிருந்து வரும் சுடுநீரைக் குழாயில் ஓடவிட்டு, டிசம்பரில் நாலைந்து மணி நேரமே பகல் இருக்கும் நாட்டில், விளக்கு வெளிச்சத்தில் தக்காளி பறிக்கிறார்கள்.

இன்னொன்று மண். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். 9ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் மரத்தை வெட்டி ஆடு மேய்த்ததில், எரிமலைச் சாம்பல் மண் காற்றோடு போனது. மண்ணைக் காக்க 1907இலேயே அரசு அமைப்பு வைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் செய்து பார்த்த வேலையைப் பக்கத்தில் இருந்து கற்றால், மண் அரிப்பு இருக்கிற எந்த ஊரிலும் அவனுக்கு வேலை இருக்கும்.

வேளாண் பல்கலைக்கழகம் குவான்னெய்ரியில் இருக்கிறது. 1889இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய இடம். இளநிலை வகுப்புகள் ஐஸ்லாந்து மொழியில் நடக்கும், அதனால் முதுநிலை ஆராய்ச்சிக்குத்தான் முயல வேண்டும். அப்புறம், பண்ணை வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நம்மவர்கள் அங்கே வேலை பார்க்க அனுமதி வேண்டும். வேலை ஒப்பந்தம் கையில் இல்லாமல் அது கிடைக்காது.

எந்த மண் பிரச்சினையை ஆராய விரும்புகிறான் என்று இந்த வாரமே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். அதை வைத்துப் பேராசிரியர்களுக்கு எழுதலாம்.