கொலுசு முத்திரையும் குட்டி சர்வரும்

கேள்வி: சி மொழியில் எழுதிய குட்டி சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எல் (தகவலைக் குறியாக்கம் செய்து அனுப்ப உதவும் நிரல் நூலகம்) சேர்த்தேன், பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்கிறது. பேசாமல் நானே ஒரு குறியாக்க முறை எழுதிவிடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அந்த வேலை மட்டும் வேண்டாம்! குறியாக்கம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, சர்வர் யாருடையது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழில் நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அதுதான் சிக்கல். செவ்வாய்பேட்டையில் கொலுசு செய்தவரே ஹால்மார்க்கும் குத்திக்கொண்டால் யார் நம்புவார்? சோதனைக்கு மட்டும் நீங்களே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் போதும். இணைப்பை ஏற்கும் சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் வரை பழைய கோடே இருக்கட்டும். அப்புறம் எஸ்எஸ்எல்_நியூ, எஸ்எஸ்எல்_செட்_எஃப்டி, எஸ்எஸ்எல்_அக்செப்ட் என்று வரிசையாகக் கூப்பிட்டுவிட்டு, ரீட், ரைட் இருந்த இடமெல்லாம் எஸ்எஸ்எல்_ரீட், எஸ்எஸ்எல்_ரைட் என மாற்றுங்கள், ஒரு ரைட் விட்டுப்போனாலும் அந்தத் தகவல் குறியாக்கம் இல்லாமல் பச்சையாகப் போகும். எஸ்எஸ்எல்_அக்செப்ட் திருப்பித் தருவது 1 (வெற்றி) தானா என்று பார்த்தீர்களா? பலர் பார்ப்பதே இல்லை. சரி, தனிச்சாவி (சர்வரிடம் மட்டும் இருக்க வேண்டிய ரகசியச் சாவி) உள்ள கோப்புக்கு அனுமதி 600 வையுங்கள், அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்.