ரூம்மேட் சொல்ற ஜெயில் கணக்கு

தம்பி, எம்எஸ் படிக்க நியூஜெர்சி வந்திருக்கீங்க, "கருப்பினப் பசங்களோட சேராத, ட்ரக்ஸ் கேஸ்ல ஜெயில் பூரா அவங்கதான்"னு ரூம்மேட் சொல்றான், உண்மையான்னு கேட்டிருக்கீங்க. ஜனத்தொகைல அவங்க பங்க விட ஜெயில்ல அவங்க பங்கு அதிகம்ங்கறது உண்மைதான். ஏன் அதிகம்ங்கறதுலதான் உங்க ரூம்மேட் கோட்டை விடறான். நம்ம ஆளுங்க வீட்டு பார்ட்டிலயும் இதே பேச்சுதான், கேட்டுக் கேட்டு எனக்குப் புளிச்சுப் போச்சு.

கொக்கெய்ன எடுத்துக்கங்க. பவுடரத் தண்ணி, சமையல் சோடா போட்டுச் சூடு பண்ணா கட்டியா வரும், அதான் கிராக், ரெண்டும் ஒரே சரக்கு. பவுடர் காசு இருக்கறவன் வாங்கறது, கிராக் ஏழைங்க ஏரியால சில்லறையா விக்கறது. 1986ல லென் பயஸ்னு ஒரு பாஸ்கெட்பால் பையன், பாஸ்டன் செல்டிக்ஸ் டீம்ல எடுத்து ரெண்டே நாள்ல கொக்கெய்னால செத்துட்டான், நாடே பதறி அந்த வருஷமே அவசர அவசரமா ஒரு சட்டம் போட்டாங்க. பவுடர்னா 500 கிராமோட விக்கறவனுக்குக் குறைஞ்சது அஞ்சு வருஷம், கிராக்னா வெறும் 5 கிராமுக்கே அதே அஞ்சு வருஷம், ஒரு டீஸ்பூன்! கிராக் யூஸ் பண்ணவங்கள்ல வெள்ளைக்காரங்கதான் எண்ணிக்கைல அதிகம், ஆனா ஃபெடரல் கோர்ட்ல, அதாவது மத்திய அரசு கோர்ட்ல, கிராக் கேஸ்ல தண்டனை வாங்கினவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல கருப்பினத்தவங்க. 2010ல அந்த 5 கிராம 28 கிராமா ஆக்கினாங்க, இன்னும் 18 மடங்கு வித்தியாசம் இருக்கு. முன்னாடியே உள்ள போனவங்களுக்கு அந்தக் குறைப்பு கிடைக்க 2018 ஆச்சு, அதுவும் ட்ரம்ப் கையெழுத்துல.

கஞ்சாவும் இதே கததான். கருப்பினத்தவங்களும் வெள்ளைக்காரங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் யூஸ் பண்றாங்க, ஆனா ஏசிஎல்யுங்கற சிவில் உரிமை அமைப்பு 2020ல போட்ட கணக்குப்படி கருப்பினத்தவங்க கைதாகறது வெள்ளைக்காரங்கள விட 3.6 மடங்கு. யார் கார நிறுத்திச் சோதிக்கறாங்களோ அவங்ககிட்டதானே சரக்கு சிக்கும்? நீங்க தினம் போற டர்ன்பைக்ல, அந்த டோல் ரோட்டுல, போலீஸ் நிறத்தப் பாத்து வண்டிய நிறுத்தினத 1999ல நியூஜெர்சி அரசாங்கமே ஒத்துக்கிச்சு.

நாம வேற கலர்னு நிம்மதியா இருக்காதீங்க. 2015ல அலபாமால குஜராத்லேர்ந்து பேரப்பிள்ளையப் பாக்க வந்த 57 வயசுப் பெரியவர், சும்மா தெருவுல நடந்தவர், யாரோ "ஒல்லியா ஒரு கருப்பு ஆளு நடமாடறான்"னு போன் பண்ண, போலீஸ் வந்து தரைல தூக்கி அடிச்சதுல கை கால் இழுத்துக்கிச்சு.

அதனால ஃப்ரெண்ட நிறம் பாத்துப் பிடிக்காதீங்க, கைல என்ன வச்சிருக்கான்னு பாருங்க, வெள்ளைக்காரனா இருந்தாலும் சரி, நம்ம ஊர்ப் பையனா இருந்தாலும் சரி. போலீஸ் நிறுத்தினா ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கட்டும், லைசென்ஸ் கேட்டா எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு எடுங்க, கார சோதிக்கலாமான்னு கேட்டா எனக்குச் சம்மதம் இல்லன்னு மரியாதையா சொல்லலாம், தள்ளுமுள்ளு மட்டும் வேண்டாம். இங்க 2022லேர்ந்து கஞ்சாக் கடை தொறந்து வச்சு விக்கறாங்க, ஆனா ஃபெடரல் சட்டத்துல இன்னும் குத்தம்தான், உங்க விசா இருக்கறது ஃபெடரல் கைல. கஞ்சா அடிச்சிருக்கேன்னு இமிக்ரேஷன் ஆபீசர்கிட்ட வாயால ஒத்துக்கிட்டாலே பிரச்சினை, அந்தக் கடைல பார்ட் டைம் வேலைன்னு எவனாவது கூப்பிட்டா அந்தப் பக்கமே போகாதீங்க.